வழி கேட்காத குடும்பம்

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததற்கு என் தம்பிதான் காரணம். விசா அலுவலகத்தில் நடந்ததை, கார் ஓட்டப் பழக அவனிடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். அவன் கதையில் நான் படிக்கட்டில் நின்று கண்ணீர் விடுகிறேன். நான் கண்ணீர் விடவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் பெயர் வெளியாட்களால் கெடுவதைவிட, உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே கெடுவதுதான் அதிகம். ஆகவே நடந்தது நடந்தபடி எழுத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்குப் பழக்கமான எழுத்து வேறு. ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அங்கே எழுதியதெல்லாம் பணி மாறும்போது அடுத்தவருக்கு விட்டுப் போகும் குறிப்புகள். இன்ன படுக்கை, இன்ன காய்ச்சல், இன்ன மருந்து. எழுதுகிறவள் வெட்கப்பட வேண்டிய இடம் அதில் ஒன்றும் இல்லை.

கதையில் அந்த இடம் வந்துகொண்டே இருக்கிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தம் வாழ்வில் முதன்முறையாகக் கடல் கடந்து சென்று பழம்பெரும் இடங்களைக் காண முடிவெடுத்தபோது, அவருடைய"

அங்கேயே நின்றுவிட்டது. அவருடைய என்ன? அந்த மனிதருக்கு வீடு இல்லை, உறவு இல்லை, செருப்புகூட இல்லை. வழி தெரியாமல் முழிக்கப்போகிற ஆள் எங்கள் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அவரைக் கொண்டுவந்தேன். தாளை மேசையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தால் ஓரத்தில் பென்சில் எழுத்து:

[யாரு இந்த நீதிபதி? நம்ம வீட்டுக்கு எப்ப வந்தாரு?]

என் தங்கையின் கைவேலை. பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லித் தருகிறவள். கண்ணில் படுகிற தாளையெல்லாம் திருத்துவாள், மளிகைக் கடை ரசீது உட்பட. இந்தக் கதையிலிருந்து அவள் பென்சிலை அழிக்கப் பார்த்தேன். அழித்த இடத்தில் இன்னும் அழுத்தி எழுதுகிறாள். ஆகவே சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் பேச்சு. வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் பிறந்த நாளிலிருந்து நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

"செத்துப்போன நகரங்களைப் பார்ப்பதற்கு உயிரோடிருப்பவர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்ற கேள்வி மனித குலத்தை"

[கட்டுரைப் போட்டியா?]

அதையும் விட்டேன்.

3

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள். அடுத்தவள் தங்கை. கடைசி, தம்பி. ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்களுக்குக் கல்யாணம் காட்சி என்று நடந்ததும் நடக்காததும் இந்தக் கதைக்கு வேண்டாம். தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவர் நினைப்பதற்கு முன்பே தன் காலடியிலுள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்துவிடுவான். அதனால் பழக வருகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'பிரேக் சார்'.

அப்பா நிலம் அளக்கிற சர்வேயர். அவர் எங்களுக்கு விட்டுப்போன சொத்து ஒரே ஒரு விதி: யாரிடமும் வழி கேட்கக் கூடாது. 'ஊர் நிலத்தையெல்லாம் அளந்து எல்லை சொல்கிறவன், தெருமுனையில் நின்று இது எந்தத் தெரு என்று கேட்கலாமா?' என்பார். வழி கேட்கிறவன், கேட்கிற அந்த நொடியில், எதிரே நிற்பவனுக்கு ஒரு படி கீழே இறங்கிவிடுகிறான் என்பது அவர் கணக்கு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த விதியைக் காப்பாற்றுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. காப்பாற்றினேன்.

விளைவுகள் இருந்தன. ஒருமுறை மூவரும் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. பரிசைக் கொடுத்தோம், படம் எடுத்துக்கொண்டோம், சாப்பிட்டோம், திரும்பினோம். எங்கள் சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் பக்கத்து மண்டபத்தில் நடந்தது என்பது மறுவாரம் தெரிந்தது.

[சாப்பாடு நல்லா இருந்துச்சு. அதையும் எழுது.]

சாப்பாடு நன்றாக இருந்தது.

4

தங்கை வருடா வருடம் கரும்பலகையில் ஒரு நகரத்தை வரைவாள். கடலுக்கு அப்பால், மலையடிவாரத்தில், இடிந்து கிடக்கிற பழைய நகரம். கோட்டை வாசல், சந்தை, அரண்மனை, குளிக்கும் கூடம். கடைசியாக அரைவட்டமாகப் படிகள் வைத்த கல் அரங்கம். அங்கே மேடையில் ஒருவர் காசைக் கீழே போட்டால் மேல்படிவரை கேட்குமாம். பிள்ளைகளுக்குச் சொல்வதை முதல்நாள் வீட்டில் சொல்லிப் பார்ப்பாள், நானும் சமையலறையில் இருந்தபடி கேட்டிருக்கிறேன்.

இந்த வருடம் டாக்டர் அவள் முட்டியைப் படம் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்:

"அக்கா, முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும்கிறாரு. அதுக்கப்புறம் ஆபரேஷன். அப்புறம் படியேறது அவ்வளவு நிச்சயமில்லையாம். நான் அந்த மேல்படில ஒரு தடவை உக்காந்துட்டு வந்துடறேன்."

"தனியாவா?"

"நீங்க ரெண்டு பேரும் வந்தா வாங்க. வராட்டி தனியா."

எங்கள் வீட்டிலிருந்து யாரும் கடல் தாண்டிப் போனதில்லை. அதனால் திட்டமிடுதலை நான் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த நகரம், அதற்குப் பக்கத்தில் கடலோரக் கோட்டை ஒன்று, அரும்பொருட் காட்சியகம் ஒன்று. வரைபடங்களை வாங்கினேன். எந்த இடத்திலும் எவரிடமும் வாய் திறந்து கேட்கத் தேவையில்லாதபடி ஒவ்வொரு திருப்பத்தையும் மனப்பாடம் செய்வது என்று தீர்மானித்தேன்.

"போன்ல பாத்துக்கலாம்க்கா. அதுவே வழி சொல்லும்" என்றான் தம்பி.

"போனைக் கேட்டாலும் கேட்டதுதான்" என்றேன்.

மனப்பாடம் செய்ததைப் பயில வேண்டும் அல்லவா? டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து அந்த நகரத்தை நானே எழுப்பினேன். டயர்கள் சந்தை. பழைய பெஞ்ச் அரண்மனை. தண்ணீர்த் தொட்டி குளிக்கும் கூடம். அரங்கத்துக்குத் தம்பியின் அலுவலகப் படிகள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூவரும் நடந்தோம். நான் முன்னால், தங்கை நடுவில், தம்பி கடைசியில் பெட்டியை உருட்டிக்கொண்டு.

(இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாம். மைதானத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் எந்தச் சேனை பயிற்சி செய்யாமல் கடல் கடந்தது?)

ஒரு ஞாயிறு, அப்போதுதான் ஓட்டப் பழகுகிற ஒருவர் பின்பக்கமாக வந்து பெஞ்ச்சை இடித்துவிட்டார்.

"சார், அரண்மனை போச்சு சார்!"

"பரவால்ல, அது ஏற்கெனவே இடிஞ்சதுதான். கிளட்ச்சை மிதிங்க" என்றான் தம்பி.

அந்தக் கலவரத்தில் தங்கை வரிசையை விட்டு விலகினாள். தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு வங்கிக்காரப் பெண்ணிடம் போய், சத்தமாக, நன்றாகச் சிரித்த முகத்தோடு கேட்டாள்:

"ஏங்க, இந்தக் கல் அரங்கத்துக்கு எப்படிப் போகணும்?"

அந்தப் பெண் திகைத்தாள். பிறகு விளையாட்டைப் புரிந்துகொண்டு, கையை நீட்டிப் படிகளைக் காட்டினாள்.

எனக்குக் காது சுட்டது. "நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல" என்றேன்.

"நீ நடக்கப் பழகற. நான் கேக்கப் பழகறேன்."

"அப்பா இருந்தா..."

"அக்கா, நாம போற ஊர்ல எல்லாரும் செத்து எத்தனையோ காலம் ஆச்சு. அங்க போயி யாருகிட்ட கௌரவம் பாக்கப் போற?"

பதில் சொல்ல எனக்கு நல்ல வாக்கியம் ஒன்று தோன்றியது. ஆனால் அதை

[தோணல. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசல.]

5

இந்த இடத்தில் கதையைத் தொடர எனக்கு விருப்பமில்லை. நீதிபதியைத் திரும்பக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டும் பார்த்தேன். விசா அலுவலகம் இருக்கும் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் அவரை அனுப்பினேன். கம்பீரமாக நடந்தார், மாடி ஏறினார், மாடி இறங்கினார், யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. என்னால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவரை வெளியே கொண்டுவரவும் முடியவில்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் போகிறேன்.

விசாவுக்கு நேரில் போக வேண்டிய நாள். அன்று நண்பகலில் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு பள்ளி விடுமுறை முடிந்த பிறகுதான். அதற்குப் பிறகு ஆபரேஷன். அதாவது மேல்படி இல்லை.

தங்கை பள்ளியில் முதல் வகுப்பை முடித்துவிட்டுத் தம்பியின் காரில் நேராக வருவதாக ஏற்பாடு. நான் வீட்டிலிருந்து பேருந்தில். மூவரின் பாஸ்போர்ட்டும் பிற காகிதங்களும் அடங்கிய பை என்னிடம். எங்கள் வீட்டில் பை மூத்தவள் கையில்தான் இருக்கும். அதுவும் அப்பா காலத்து ஏற்பாடு.

முந்தைய வாரமே அந்தக் கட்டடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வைத்திருந்தேன். முன்வாசல், லிஃப்ட், மூன்றாம் மாடி, இடதுபுறம். கண்ணை மூடிக்கொண்டு போவேன்.

முன்வாசல் இல்லை. அந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே எதையோ இடிக்கிற சத்தம்.

தங்கைக்குப் போன் செய்தேன். அணைத்திருந்தது. தம்பியுடையதும். விசா அலுவலகத்தில் நுழைகிறவர்கள் போனை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. ஆக, அவர்கள் எப்படியோ உள்ளே போய்விட்டார்கள்.

[எப்படியோ இல்ல. கேட்டோம்.]

சுற்றிலும் பார்த்தேன். தெரிந்தவர் யாரும் இல்லை. போனின் வரைபடத்தைத் திறந்து, தாழ்ந்த குரலில் அதைக் கேட்டேன். 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று அது தகரத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி வாழ்த்தியது.

எங்கள் குடும்பத்தில் இதற்கென்று ஓர் உபாயம் உண்டு: வழி தெரிந்தவர்போல நடக்கிற ஒருவர் பின்னால் நடப்பது. கையில் கோப்புடன் ஒரு மனிதர் பக்கவாட்டுச் சந்தில் திடமாக நடந்தார். தொடர்ந்தேன். ஒரு கதவுக்குள் நுழைந்தார். நானும் நுழைந்தேன். ரத்தப் பரிசோதனைக் கூடம்.

"சாப்பிடாமத்தானம்மா வந்தீங்க? கையை நீட்டுங்க" என்றாள் ஊசியோடு நின்ற பெண்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அந்த நாற்காலில இருக்கறவர் கையில நீ கட்டியிருக்கற பட்டை தளர்வா இருக்கு, இறுக்கிக் கட்டு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இந்தக் கதையில் நான் தலைநிமிர்ந்து பேசிய கடைசி இடம் அது.

அதன்பின் ஒரு படிக்கட்டு. அது ஒரு தையல் நிறுவனத்தின் கிடங்குக்குப் போனது. இன்னொரு படிக்கட்டு. அது பூட்டிய கம்பிக்கதவில் முடிந்தது. திரும்பிக் கீழே இறங்கினேன். சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்திருந்தது. பையின் வார் தோளை அறுத்தது. உள்ளே எங்கேயோ தங்கை கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். நான் வராமல் போக மாட்டேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டும் இருப்பாள், அவளை எனக்குத் தெரியும்.

படிக்கட்டின் அடியில் ஒரு பெண் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கோப்பு. என்னைவிட மிகவும் இளையவள். இப்படி ஒருத்தியிடமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓர் அரசு அதிகாரியாக, குறைந்தது ஒரு டாக்டராக இருந்திருந்தால்

இல்லை. இதை முடிக்க மாட்டேன்.

6

"விசா ஆபீசுக்கு எப்படிப் போகணும்?"

இதுதான் நான் கேட்டது. சொல்லுக்குச் சொல் இதுதான். கேள்வியாகத்தான் கேட்க நினைத்தேன். வார்டில் பயிற்சி மாணவிகளை அதட்டுகிற குரல் வந்துவிட்டது. அந்தப் பெண் துள்ளி எழுந்து நின்றாள். சுளைகள் உருண்டன.

"தெரியலையேம்மா. நானும் அதுக்குத்தான் வந்தேன். ரொம்ப நேரமா சுத்திக்கிட்டு இருக்கேன்."

"யாரையாவது கேக்கறதுதானே?"

வாசகரே, இதைச் சொன்னது நான்.

அவள் முகம் சிவந்தது. "கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சும்மா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்களோன்னு... நீங்க வந்து கேட்டீங்க பாருங்க, அப்பாடான்னு இருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியலன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்க முயன்றதில்தான் மூச்சு வாங்கியது. தம்பி கண்ணீர் என்று சொல்வது இதைத்தான். அவன் அப்போது அங்கே இல்லவே இல்லை என்பதையும் வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

"வா, சேர்ந்து கேப்போம்" என்றேன்.

சந்தின் முனையில் ஒரு காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்த முறை குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டேன். அவர் டம்ளரிலிருந்து வாயை எடுக்காமலே கையை நீட்டினார். "பின்னாடி. நீலக் கதவு."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அவர் எங்களை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அடுத்த வாய் டீக்குப் போய்விட்டார்.

நீட்டிய அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. மருத்துவமனை நடையில் அதே கையை நான் எத்தனை வருடம் நீட்டியிருக்கிறேன்! 'எக்ஸ்ரே எங்கம்மா?' 'பிரசவ வார்டு எங்கக்கா?' 'பிணவறைக்கு எப்படிப் போகணும்?' நேரே போய் வலது. அப்படிக் கேட்டவர்களில் ஒருவரையாவது நான் ஒரு படி கீழாக நினைத்ததுண்டா என்று நடந்துகொண்டே யோசித்தேன். இல்லை. போய்ச் சேர்ந்தார்களா என்றுதான் நினைத்திருக்கிறேன். கேட்டவர் ஒருவர் முகமும் எனக்கு இன்று நினைவில் இல்லை. அந்தக் காவலாளிக்கும் என் முகம் நினைவிருக்காது. இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, ஊரெல்லாம் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்து நிமிர்ந்தே நடந்தவர்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும். இறுக்கமான காலணியைக் கழற்றியதுபோல் இருந்தது.

அப்பா, நீங்கள் ஒருமுறையாவது

[அக்கா, விடு. அவருக்குத் தெரியும்.]

நீலக் கதவுக்குள் மூச்சிரைக்க நுழைந்தேன். கவுன்ட்டரில் ஒருவர் பலகையைக் கவிழ்க்கக் கைநீட்டிய நேரம். தங்கை அவரிடம், "வந்துடுவாங்க சார், எங்கக்கா இதுவரைக்கும் எதுக்கும் லேட்டானதே இல்ல" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். தம்பி ஓடி வந்தான்.

"எங்கக்கா போன? எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கேட்டேன்" என்றேன், கூடம் முழுவதற்கும் கேட்கும்படி.

"யாரு கேட்டா?"

"நான்."

தம்பி வாழ்க்கையில் முதன்முறையாகப் பிரேக் பிடிக்க மறந்தவன்போல் நின்றான். தங்கை என் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கண்ணீர் யார் கண்ணில் இருந்தது என்று வாசகர் கேட்டால், என் கண்ணில் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

[தூசி. கட்டடம் இடிச்சாங்கல்ல.]

7

மாற்று முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். மறைக்க விரும்பவில்லை.

ஒன்றில், நான் நிழலின் திசையைக் கணித்து, அப்பா கற்றுத் தந்தபடி நடந்து, நீலக் கதவை நானே கண்டுபிடிக்கிறேன். நல்ல நடை, நல்ல முடிவு. படித்தால் எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். ஆனால் அதில் அந்த ஆரஞ்சுப் பெண் வரவில்லை. அவள் இன்னமும் படிக்கட்டடியில் உட்கார்ந்திருப்பாள். (அவளுக்கு விசா கிடைத்தது. வேறு நாட்டுக்கு, அவள் கணவரிடம் போகிறாள். வெளியே வந்து மீதிச் சுளைகளை எங்களுக்குக் கொடுத்தாள்.)

இன்னொன்றில் நான் போய்ச் சேரவில்லை. தங்கை அடுத்த வருடமும் கரும்பலகையில் அந்த நகரத்தை வரைகிறாள். இம்முறை அரங்கத்துக்கு மேல்படியை வரையாமல் விடுகிறாள். இதைப் பாதி எழுதியபோது என் கை நின்றுவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டேன். அவள் பென்சில் எட்டாத ஒரே பக்கம் அது.

நீதிபதி அந்தக் கட்டடத்தில் இன்னமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பார்த்தால், அவர் கேட்காவிட்டாலும், நீலக் கதவைக் காட்டிவிடுங்கள். அவர் மறுத்தால், எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லுங்கள்.

8

விசா வந்துவிட்டது. விடுமுறையும் தொடங்கிவிட்டது. பெட்டிகள் கூடத்தில் நிற்கின்றன. மைதானத்தில் கூம்புகளைத் தம்பி எடுத்து அடுக்கிவிட்டான். அரண்மனை மறுபடியும் பெஞ்ச் ஆகிவிட்டது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் வரைபடங்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோகட்டும் என்று இரண்டு நாளாக முயல்கிறேன். அதுவும் பாதி பலித்திருக்கிறது.

முடிவு ஒன்று எழுத வேண்டுமே. தங்கை அந்த மேல்படியில் உட்காருவதை எழுதலாம். ஆனால் நாங்கள் இன்னும் போகவில்லை. பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுத நான் என் தம்பி இல்லை.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். கோட்டை வாசலைத் தாண்டி நிற்கிறோம். நல்ல வெயில். எதிரே பாதை இரண்டாகப் பிரிகிறது. கரும்பலகையில் அரங்கம் எப்போதும் இடதுபக்கம்தான் என்கிறாள் தங்கை. பை அவள் தோளில். வலதுபக்கம்தான் ஏற்றமாகத் தெரிகிறது என்கிறான் தம்பி. அவள் ஒரு கையால் முட்டியைத் தேய்த்துக்கொள்கிறாள். தவறான பாதையில் போய்த் திரும்பி வருகிற அளவுக்கு அந்த முட்டியில் தெம்பில்லை.

கொஞ்ச தூரத்தில், ஒரு மரத்தின் நிழலில், நீங்கள் நின்று எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்கு முன்பே வந்தவர்போல் தெரிகிறது.

நான் நடந்து வருகிறேன். முதுகை வளைக்கவில்லை, அது எனக்கு வராது. ஆனால் குரலை இறக்கிக்கொள்ளப் பழகியிருக்கிறேன். உங்கள் எதிரே வந்து நிற்கிறேன்.

"கொஞ்சம் சொல்றீங்களா? எங்க தங்கச்சி அந்த மேல்படில போயி உக்காரணும். எந்தப் பக்கம் போகணும்?"